டிராவல் டிரெய்லர் இழுக்கப் போகிறீர்களா? முதலில் டிரக்கின் கதவைத் திறந்து பாருங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சூ செயின்ட் மேரி நகரத்தைத் தாண்டி 17ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் மொன்ட்ரியல் ரிவர் ஏற்றம் வரும். போன ஆகஸ்ட்டில் எங்கள் டிராவல் டிரெய்லரை, அதாவது படுக்கை, சமையல் வசதியோடு வண்டிக்குப் பின்னால் மாட்டிப் போகும் சக்கர வீட்டை, இழுத்துக்கொண்டு அதில் ஏறினோம். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தும் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. எஞ்சின் 5,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5,000 சுற்று) கத்துகிறது. மரம் ஏற்றிய லாரி ஒன்று முதுகோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பின் சீட்டிலிருந்து, திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மா, "வண்டி ஏன்டா இப்படி அழுவுது?" என்கிறார். மேலே ஏறி மூச்சு விட்ட பிறகு முள்ளைப் பார்த்தால், சூவில் முழுசாக நிரப்பிய டேங்க் பாதியை நெருங்கிவிட்டது. வந்தது 110 கிலோமீட்டர்தான். அடுத்து வாவா என்ற ஊர் போய்ச் சேர்வதற்குள் பெட்ரோல் எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டது.

'3,400 கிலோ இழுக்கும்' என்று விளம்பரம் செய்த பிக்கப் டிரக் அது. டிரெய்லரோ 2,700 கிலோதான். அப்புறம் ஏன் இந்தப் பாடு? இதற்கு விடை தேடுவதில் எனக்கு ஒரு குளிர்காலமே போயிற்று. சமதரையில் பெட்ரோலைத் தின்பது முக்கியமாக டிரெய்லரின் மூஞ்சியில் மோதும் காற்று. எடை தன் வேலையைக் காட்டுவது மேட்டில். இந்த இரண்டும் வருவதற்கு முன்பே, ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு ஸ்டிக்கரிலேயே பலருடைய கணக்கு முடிந்துபோகிறது. என்னுடையதும் அங்கேதான் முடிந்திருந்தது, நான் பார்க்கவில்லை.

கீழே உள்ள சட்ட விவரங்கள் ஒன்டாரியோவுக்கு. எடை, காற்று, பெட்ரோல் கணக்கு எங்கிருந்தாலும் ஒன்றுதான்.

1. கதவோர ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். 'ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது' என்று அதில் ஓர் எண் இருக்கும். அதுதான் பேலோடு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் இழுதிறன் அந்த மாடலின் மிகச் சாதகமான வடிவத்துக்கு உரியது. பேலோடு எண்ணோ உங்கள் வண்டிக்கே, அதன் சன்ரூஃப், தோல் சீட் எல்லாம் கழித்துப் போட்டது. ஒரே மாடலில் இரண்டு டிரக்குகளுக்கு இருநூறு கிலோ கூட வித்தியாசப்படலாம்.

டிரெய்லர் தன் எடையில் ஒரு பங்கை, டிரக்கின் பின்னால் அதை மாட்டும் இணைப்பான ஹிட்ச் உருண்டையின் மேல் வைக்கிறது. இதை டங் வெயிட் என்பார்கள். டிரெய்லர் ஆடாமல் வர, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இருக்க வேண்டும். அது உங்கள் பேலோடிலிருந்து கழியும். என் கணக்கைப் பாருங்கள்:

ஸ்டிக்கர் சொன்ன பேலோடு 690 கிலோ. நாங்கள் ஐந்து பேர், 330 கிலோ. ஹிட்ச் சாதனம் மட்டும் 40 கிலோ. டங் வெயிட் 340 கிலோ. கூட்டினால் 710. ஐஸ் பெட்டி, அடுப்பு, மடக்கு நாற்காலி, அம்மா விடாப்பிடியாக ஏற்றிய டேபிள் டாப் கிரைண்டர், இவை ஒன்றும் இன்னும் உள்ளே வரவில்லை. இழுதிறனில் 700 கிலோ மிச்சம் வைத்திருந்த நான், பேலோடில் தோற்றிருந்தேன்.

மினிவேன், எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் இறுக்கம். சியன்னா, ஒடிசி இரண்டின் இழுதிறனும் 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு அந்த எல்லை வரை இழுக்கலாம் என்று நினைக்காதீர்கள். சில வண்டிகளின் மானுவலில் டிரெய்லரின் முகப்பு இத்தனை சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் ஒரு வரி இருக்கும். விற்பனையாளர் அதைச் சொல்ல மாட்டார். நீங்களே தேடிப் படியுங்கள்.

2. டிரெய்லரின் 'வெற்று எடை'யை நம்பாதீர்கள்

கடையில் சொல்வது தொழிற்சாலையை விட்டு வரும்போதுள்ள எடை. என் டிரெய்லருக்கு அது 2,180 கிலோ. பேட்டரி, புரொபேன் சிலிண்டர்கள், தண்ணீர், பாத்திரம், படுக்கை, சைக்கிள் எல்லாம் சேர்ந்து 2,700 ஆயிற்று. துண்டுப் பிரசுரத்தில் டங் வெயிட் 230 கிலோ, தராசில் 340.

ஆகவே டிரெய்லரின் இடப்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் தகட்டில் 'ஜிவிடபிள்யூஆர்' என்ற எண்ணைப் பாருங்கள். அதுதான் நிரப்பிய பின் அதிகபட்ச எடை. அதில் 13 சதவீதத்தை டங் வெயிட்டாக வைத்துக்கொண்டு முதல் படியின் கணக்கைப் போடுங்கள். அதில் தேறினால் மட்டும் கடைக்காரரிடம் விலை பேசுங்கள்.

கூடவே ஒரு டேப்பால் உயரத்தையும் அகலத்தையும் அளந்துவிடுங்கள். இரண்டு டிரெய்லர்கள் ஒரே எடையில் இருந்து ஒன்று அரை மீட்டர் தாழ்வாக இருந்தால், தாழ்வானதையே எடுப்பேன். வருடா வருடம் பெட்ரோலில் திரும்பி வரும் அரை மீட்டர் அது.

3. எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 5,300 கிலோ, முகப்பு சாதாரண டிராவல் டிரெய்லர் அளவு என்று வைத்துக் கணக்குப் போட்டேன். தோராயம்தான், ஆனாலும் கண் திறந்தது.

சமதரையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் சுமார் 75 குதிரைத்திறன் போதும். அதையே 105 ஆக்கினால் 110 வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது (வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்கு), அதற்கு வேண்டிய திறன் வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது (எட்டு மடங்கு). நூற்றுக்கு ஆறு என்ற ஏற்றத்தில் 80 கிலோமீட்டரில் ஏற மட்டும் கூடுதலாக 90க்கு மேல் வேண்டும். எல்லாம் சேர்த்து 150.

என் எஞ்சின் 290 குதிரைத்திறன். பின்னே ஏன் திணறியது? அந்த 290 கிடைப்பது 6,000 ஆர்பிஎம்முக்கு மேல். 3,000இல் அதில் பாதிகூட வராது. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத, ஆறு சிலிண்டர் வி6 எஞ்சின் அது. கியரைக் கீழே இறக்கி, கத்தவிட்டு ஏறினால்தான் ஏறும். நானோ சத்தத்துக்குப் பயந்து ஏற்றம் தொடங்கியபோது காலை எடுத்தேன், வேகம் விழுந்தது, பிறகு மீட்க முடியவில்லை. டர்போ எஞ்சினோ டீசலோ 2,000, 2,500லேயே நல்ல டார்க், அதாவது சுழற்றும் விசை, கொடுத்துவிடும். இழுப்பதற்கு வாங்குபவர்கள் குதிரைத்திறனை விட்டுவிட்டு, டார்க் எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்று கேட்க வேண்டும்.

மலைப் பிரதேசம் போகிறவர்களுக்கு இன்னொன்று. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கும். கொலராடோவில் ஐ-70 சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூன்றில் ஒரு பங்கு எஞ்சின் காணாமல் போயிருக்கும்.

விளம்பரத்தில் இழுதிறனை 'ஜே2807 முறைப்படி' சோதித்தது என்று போட்டிருந்தால் நல்லது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 18 கிலோமீட்டர் ஏற்றத்தில், சுடும் வெயிலில், ஏசியை முழுசாக ஓடவிட்டு ஏறிக் காட்ட வேண்டும் என்பது அந்தத் தர முறையின் ஒரு பகுதி. ஆனால் அதில் சாதாரண பிக்கப்புக்கு மணிக்கு 64 கிலோமீட்டர் வந்தாலே தேர்ச்சி. நான் 60இல் ஏறியதை நினைத்து இப்போது அவ்வளவு வெட்கப்படுவதில்லை.

4. ஹிட்ச், பிரேக், கண்ணாடி

ஒன்டாரியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். டிராவல் டிரெய்லரில் மின்சார பிரேக் இருக்கும். அதை இயக்க டிரக்கில் பிரேக் கன்ட்ரோலரும் ஏழு முனை பிளக்கும் வேண்டும். டிரக்கிலேயே இருந்தால் சரி. எனக்கு இல்லை, கன்ட்ரோலருக்கு 220 டாலர் ஆயிற்று, மாட்டும் கூலி தனி.

எடையை முன் சக்கரத்துக்கும் பங்கிடும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச், ஆட்டம் தடுக்கும் அமைப்போடு, 850 டாலர். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பின்புறம் அழுந்தி முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் மிதப்பது போல இருக்கும். ஒரு தடவை அனுபவித்தால் போதும்.

பின்னால் உள்ள சாலை தெளிவாகத் தெரியும்படி கண்ணாடி இருக்க வேண்டும் என்பது சட்டம். டிரெய்லர் டிரக்கைவிட அகலம் என்பதால் நீட்டுக் கண்ணாடி மாட்டியே தீர வேண்டும்.

நேரக் கணக்கு: ஹிட்ச் மாட்ட ஏப்ரலிலேயே நாள் வாங்கிவிடுங்கள். மே மாதம் ஊரே வரிசையில் நிற்கும். நான் இரண்டு வாரம் காத்திருந்தேன், அதில் விக்டோரியா தின விடுமுறை போயிற்று.

5. காகிதங்கள்

ஓட்டுநர் உரிமம்: சாதாரண 'ஜி' உரிமத்தில் 4,600 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். பெரும்பாலான குடும்ப டிரெய்லர்கள் இதற்குள் வந்துவிடும்.

பதிவு: சர்வீஸ் ஒன்டாரியோ அலுவலகத்தில் டிரெய்லருக்குத் தனி பெர்மிட்டும் நம்பர் பிளேட்டும் வாங்க வேண்டும். 60 டாலரை ஒட்டிய ஒரே தடவைக் கட்டணம், ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தேவையில்லை. வாங்கிய ஆறு நாளுக்குள் முடித்துவிடுங்கள். உரிமம், விற்பனை ரசீது, புதியதானால் தயாரிப்பாளர் தரும் வாகனத் தகவல் தாள், பழையதானால் விற்றவர் கையெழுத்திட்ட பெர்மிட், இவற்றைக் கையில் கொண்டு போங்கள். நான் ரசீதின் நகலோடு போய்த் திரும்பி வந்தேன். அசலைக் கேட்டார்கள்.

பழைய டிரெய்லர் வாங்குபவர்களுக்கு ஒரு பொறி. கார் விற்கும்போது விற்பவர் அரசு தரும் வாகனத் தகவல் கட்டைக் கொடுக்க வேண்டும், அதில் கடன் பாக்கி இருந்தால் தெரிந்துவிடும். டிரெய்லருக்கு அந்தக் கட்டு கிடையாது. ஆகவே மாகாணத்தின் அடமானப் பதிவேட்டில் வண்டியின் அடையாள எண்ணைப் போட்டு நீங்களே தேடுங்கள். சில டாலர் செலவு, இணையத்திலேயே முடியும். பாக்கி இருப்பது தெரியாமல் வாங்கினால் டிரெய்லரை வங்கி எடுத்துக்கொண்டு போகும்.

காப்பீடு: இழுக்கும்போது பிறருக்கு நேரும் சேதம் பொதுவாக டிரக்கின் பாலிசியில் வரும். டிரெய்லருக்கே நேரும் சேதத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். ஏஜென்டிடம் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கினால் விலையின் மேல் 13 சதவீத விற்பனை வரி. முப்பதாயிரம் டாலர் டிரெய்லருக்கு 3,900. பட்ஜெட் போடும்போது இதை மறந்துவிடுகிறோம்.

6. தராசில் ஏற்றிப் பாருங்கள்

யாரும் செய்யாத படி இது. எல்லாரும் செய்ய வேண்டியதும் இதுதான். 401 நெடுஞ்சாலையோர டிரக் நிறுத்தங்களில் 'கேட் ஸ்கேல்' என்ற எடைமேடை இருக்கும். இருபது டாலர் அளவில் ஆகும், உடனே மறுபடி எடை போட்டால் இன்னும் மலிவு. லாரிக்காரர்கள் கோபிப்பார்களோ என்று பயந்தேன். ஒருவர் இறங்கி வந்து எங்கே நிறுத்துவது என்று கை காட்டிவிட்டுப் போனார். முன் சக்கரம் முதல் தட்டில், பின் சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில்.

பயணத்துக்குப் போகும் நிலையிலேயே, ஆட்கள், சாமான், முழு டேங்க்கோடு மூன்று தடவை எடை எடுங்கள். என் எண்கள்:

டிரக் மட்டும்: முன் 1,400, பின் 1,220. மொத்தம் 2,620.

டிரெய்லர் மாட்டி, ஹிட்ச்சின் பங்கீட்டுக் கம்பிகள் இல்லாமல்: முன் 1,290, பின் 1,670, டிரெய்லர் சக்கரங்கள் 2,360. டிரக்கின் எடை 2,960 ஆகிவிட்டது. கூடிய 340 கிலோதான் டங் வெயிட். 2,360ஐயும் 340ஐயும் கூட்டினால் டிரெய்லரின் முழு எடை 2,700. டங் வெயிட் அதில் 12.6 சதவீதம், நல்ல அளவு.

கம்பிகளை மாட்டிய பிறகு: முன் 1,375, பின் 1,520, டிரெய்லர் சக்கரங்கள் 2,425. முன்னால் இழந்த 110 கிலோவில் 85 திரும்பி வந்துவிட்டது. ஹிட்ச் வேலை செய்கிறது. ஆனால் டிரக்கின் மேல் 2,895 கிலோ. கதவுத் தூண் சொல்லும் உச்சம் 2,820. எழுபத்தைந்து கிலோ அதிகம்.

என்ன செய்தேன்? டிரெய்லரின் முன்பகுதியில் இருந்த 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தேன். நாங்கள் தங்கப் போகும் பூங்காவில் குழாய் இருக்கிறது, எதற்காகத் தண்ணீரை 900 கிலோமீட்டர் சுமக்க வேண்டும்? டிரக்கின் பின்தட்டில் இருந்த சாமானில் 80 கிலோவை டிரெய்லருக்குள், சக்கரங்களுக்கு நேர் மேலே மாற்றினேன். கணக்கு எல்லைக்குள் வந்தது. சாமானை டிரெய்லரின் கடைசியில் அடுக்கி டங் வெயிட்டைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், சில நொடியில் டிரக்கையும் இழுத்துச் சாய்த்துவிடும்.

7. ஓட்டும்போது பெட்ரோல் எங்கே போகிறது

தனியாக ஓடும்போது என் டிரக் நூறு கிலோமீட்டருக்கு 11.5 லிட்டர் குடிக்கும். டிரெய்லரோடு 90இல் 22, 105இல் 27. நானூறு கிலோமீட்டர் பயணத்தில் 105இல் போனால் 38 நிமிடம் மிச்சம், 20 லிட்டர் நஷ்டம். லிட்டர் ஒன்றரை டாலர் என்றால் முப்பது டாலர். அந்த 38 நிமிடத்தில் எட்டு நிமிடம் கூடுதலாகப் பெட்ரோல் போட நிற்பதிலேயே போய்விடும்.

எதிர்க்காற்று இன்னும் மோசம். மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 90இல் போனால் டிரெய்லருக்கு அது 120. காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு. சுப்பீரியர் ஏரிக் கரையில் எனக்கு நடந்தது இதுதான். காற்று பலமாக இருக்கும் நாளில் காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள், பொழுது ஏற ஏறத்தான் காற்று எழும்பும்.

சுமை இழுப்பதற்கென்றே டிரக்கில் இருக்கும் 'டோ/ஹால்' பட்டனை எப்போதும் போட்டு வையுங்கள். பெட்ரோல் அதிகம் ஆகும் என்று நான் அணைத்து வைத்தேன், அது தப்பு. அணைத்தால் கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும், டிரான்ஸ்மிஷன் சூடாகும். போட்டிருந்தால் இறக்கத்தில் எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும், பிரேக் காயாது. மேடு பள்ளமான சாலையில் குரூஸ் கன்ட்ரோலை மட்டும் எடுத்துவிடுங்கள். ஏற்றத்துக்கு முன்பே சற்று வேகம் சேர்த்து, ஏறும்போது பத்து கிலோமீட்டர் விழுந்தால் விழட்டும் என்று விடுவதில் நல்ல மிச்சம்.

டிரெய்லர் டயரில் காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன், தகட்டில் சொன்ன அளவுக்கு வையுங்கள். டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். டயர் தேயாமல் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் ஆனால் மாற்றிவிடுவேன்.

பிரீமியம் பெட்ரோல்? சாதாரணப் பெட்ரோலுக்கு வடிவமைத்த டர்போ இல்லாத எஞ்சினுக்குக் காசு வீண். டர்போ எஞ்சினுக்குச் சில மானுவல்கள் இழுக்கும்போது பிரீமியம் போடச் சொல்கின்றன, அங்கே வெயிலில் வித்தியாசம் தெரியும். மின்சார டிரக் வைத்திருப்பவர்கள் தூரத்தைப் பாதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் பலருடைய அனுபவம்.

8. பெட்ரோல் நிலையத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்

டேங்க் 87 லிட்டர். நல்ல நாளில் 24 லிட்டர் கணக்கில் 360 கிலோமீட்டர், மோசமான நாளில் 30 கணக்கில் 290. கால் டேங்க்கை எப்போதும் மிச்சம் வையுங்கள். அப்படியானால் மோசமான நாளில் 215 கிலோமீட்டர்தான் நம் எல்லை. சூவிலிருந்து வாவா சுமார் 225. எனக்கு விளக்கு எரிந்ததில் ஆச்சரியமே இல்லை. அந்த வழியில் மாகாணப் பூங்காவுக்குள் சாலை 80 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, காடும் ஏரியும்தான். அதற்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

மிசிசாகாவிலிருந்து வாவா போய்த் திரும்ப சுமார் 1,850 கிலோமீட்டர். நூறுக்கு 23 லிட்டர், லிட்டர் 1.50 டாலர் என்றால் பெட்ரோலுக்கு மட்டும் 640 டாலர். டிரெய்லர் இல்லாமல் போயிருந்தால் 320. இந்த வித்தியாசத்தையும் பூங்கா வாடகையையும் மோட்டல் அறை வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு டிரெய்லர் வாங்குங்கள். வருடத்துக்கு ஒரே வாரம் போகிறவர்களுக்கு வாடகை டிரெய்லரே லாபம்.

நிலையத்துக்குள் நுழையும் முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள். ஓரத்தில் உள்ள பம்ப், நேராக உள்ளே போய் நேராக வெளியே வரக்கூடியது, அல்லது லாரிகளுக்கான வரிசை. வாவாவில் முதலில் கண்ணில் பட்ட பம்ப்பில் நுழைந்துவிட்டேன். எதிரே கடையின் சுவர், பின்னால் மூன்று கார். டிரெய்லரைக் கழற்றி, டிரக்கைத் திருப்பி, மறுபடி மாட்ட நாற்பது நிமிடம். மூன்று கார்க்காரர்களும் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.